காம்புகள் மட்டும்

பிராண்டனுக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மானிடோபா முழுக்கச் சூடாக இருந்த ஒரே பொருள்போல
பன்றி ஆலையின் கழிவுநீர்த் தொட்டி
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் ஒரு குறை இல்லை.
ஆக்சிஜன் இரண்டு, பி.எச். ஏழு.
மறுநாளும் இரண்டு, ஏழு.
முப்பத்தைந்து நாளும் ஒரே நீலம், ஒரே சாய்வு;
பனிப்புயல் அடித்த இரவில்கூட
எழுத்து நடுங்கவில்லை.

"ஒரு சொட்டு வேண்டும்" என்றேன்.
ஃப்ரீசன் கையுறை கழற்றாமல் கொண்டுவந்தார்.

நுண்ணுயிரியல் படித்தபோது
தடுப்பூசி கண்டுபிடிக்கப் போகிறவள் நான்.
பதினேழு வருடமாக
ஊர் ஊராகச் சாக்கடை மோந்து
படிவம் நிரப்புகிறேன்.
வருத்தம் என்று சொல்ல முடியாது.
நல்ல தொட்டி ஒன்றை
நானூறு மடங்கில் பார்த்தவர்களுக்குத் தெரியும்:
காம்பு வைத்த கண்ணாடி மணிகள்,
வோர்ட்டிசெல்லா,
சுருங்குவதும் விரிவதுமாக
சத்தமே இல்லாத ஒரு சந்தை.

இங்கே காம்புகள் மட்டும் நின்றன.
மணிகளைக் காணோம்.

இவற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது,
கையெழுத்துப் போடக் கையில்லை.
நாற்காலியை நகர்த்தி
அவரைப் பார்க்கச் சொன்னேன்.

வெகுநேரம் குனிந்திருந்தார்.
"சனிக்கிழமை," என்றார், கண்ணை எடுக்காமல்.
"ராத்திரி பதினொன்றரை. கிருமிநாசினி, நாலு பீப்பாய்.
வால்வைத் திறந்தது நான்தான்.
திறக்கச் சொன்னது நானில்லை."

இரண்டாவது வரிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதலாம் என்று பார்த்தால்
என் பேனா குளிரில் உறைந்துபோயிருந்தது.
ஃப்ரீசன் சட்டைப்பையைத் துழாவித்
தன்னுடையதை நீட்டினார்.

நீலம்.