கூட்டல் சி

உயிரியல் மாணவர்களுக்கான கால்குலஸ் என்று
அட்டையில் போட்டிருக்கிறது.
கால்குலஸ் அதேதான்.
கணக்குக்குள் ஒரு முயல் ஓடும்,
ஒரு பாக்டீரியா இரட்டிக்கும்,
காய்ச்சல் மருந்து ரத்தத்தில்
பாதியாகிப் பாதியாகிக் கரையும்.

இரண்டாம் முறையாக உட்கார்ந்திருக்கிறேன்.
போன வருடம் மூன்று புள்ளி ஒன்பது.
இங்கே நான்கு வந்தால்தான் தேர்ச்சி.
அந்த ஒற்றைப் புள்ளி எங்கே தொலைந்தது என்று தெரியும்:
தொகையிட்ட பிறகு மாறிலியைப் போட மறந்தேன்,
மூன்று இடத்தில்.
கூட்டல் சி.
ஓர் எழுத்துக்கு ஒரு வருடம்.

புவேர்ட்டோ மோன்ட்டில் மழைக்கு விடுமுறை கிடையாது.
எழுபது ஈரக் கோட்டுகள் வகுப்பில்
நனைந்த நாய்களாய் மணக்கின்றன.
பேராசிரியர் ஓயார்சோ சுண்ணக்கட்டியை உடைத்துப்
பாதியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.
எல்லை என்றால் நெருங்குவது,
தொட்டாக வேண்டும் என்பதில்லை என்கிறார்.
மகாரேனா மூன்றாம் வரிசைப் பையனின் பிடரியைப் பார்த்துவிட்டு
என் நோட்டின் ஓரத்தில் எழுதுகிறாள்:
புரிந்துவிட்டது.

அண்ணன் எலியாசர் சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்.
வலைக்கூண்டின் அடிவரை இறங்கிச்
செத்த மீனை அள்ளி மேலே அனுப்புவது வேலை.
இரவுச் சாப்பாட்டில் அவன் விரல்கள் வெளுத்து விறைத்திருக்கும்.
உருளைக்கிழங்கு அப்பத்தைப் பிட்க வராது,
முழுதாய் எடுத்துக் கடிப்பான்.

மார்ச்சில் கடல் பழுப்பாய்ப் பூத்தது.
பாசி.
மீன்களின் செவுள் அடைத்துக்கொண்டது.
மூன்று கூடை ஏழானது, ஏழு இருபதானது,
பிறகு அவன் வீட்டில் எண்ணிக்கை சொல்வதை நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் தாள் வந்தது:
"இறப்பு உயரும் வேகம் குறைந்து வருகிறது."
விறகடுப்பில் கெட்டிலை நகர்த்திக்கொண்டே
அப்பாடா என்றாள் அம்மா.
எலியாசர் தாளை என் பக்கம் தள்ளினான்.
"குறையுதாம். அப்ப என் கூடை ஏன் கனக்குது?"

தாளின் முதுகில் கோடு வரைந்தேன்.
முதல் வகையீடு நேர்.
இரண்டாவது எதிர்.
ஏறுகிற கோடுதான், பார்,
கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவே.
மலையேறுபவன் களைத்துப்போனால்
இறங்கிவிட்டான் என்றா பொருள்?
சொல்லும்போதே எனக்கு விளங்கியது.
ஒரு வருடமாய் மண்டையில் ஏறாதது
அடுப்புப் புகைக்கும் மீன் வாடைக்கும் நடுவில்
சட்டென்று ஏறிவிட்டது.
சந்தோஷமாக இருந்தது.
அவன் விரல்களைப் பார்த்ததும் வெட்கமாகவும்.

கோட்டுக்குக் கீழே பென்சிலால் கறுப்படித்தேன்.
"இந்தப் பரப்புதான் நீ அள்ளினது, மொத்தமும்."
அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.
போதவில்லை.

செவ்வாய் தேர்வு.
எல்லா இடத்திலும் மாறிலி போட்டேன்,
கீழெல்லை மேலெல்லை கொடுத்து
வேண்டவே வேண்டாத இடத்திலும்.
ஓயார்சோ அதைச் சுழித்து
ஒரு சிரிப்புமுகம் வரைந்திருந்தார்.
நான்கு புள்ளி ஆறு.

மகாரேனா ஐந்து புள்ளி இரண்டு.
பையனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.

அன்று மாலை கொடிக்கயிற்றடியில் அண்ணனிடம் சொன்னேன்:
அந்தத் தாளில் கணக்கு ஒன்பதாம் தேதி தொடங்குகிறது.
அதற்கு முன்னால் செத்தது எந்தக் கோட்டிலும் வராது.
அதற்காகத்தான் அந்த ஓர் எழுத்து.

"அது எவ்வளவு?"

கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.
முதல் நாள் அங்கே இருந்த யாராவது
சொன்னால்தான் உண்டு.

எலியாசர் ரப்பர் உடையைத் தலைகீழாக மாட்டினான்.
காலி கைகள் இரண்டும் தொங்கி
மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் சொட்டின.
உள்ளே போகத் திரும்பியவன் நின்றான்.

"அன்னைக்கு எண்ண வேண்டாம்னு சொல்லிட்டாங்க."