மௌனத்தின் பொருள்

புன்ட்டா அரேனாஸில் காற்று மாதங்களில்
தெருமுனையிலிருந்து தெருமுனைக்குக்
கயிறு கட்டிவிடுவார்கள், பிடித்து நடக்க.
அப்படிப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்
எர்சிரா நவெல்கின்,
நண்டுத் தொழிலாளர் சங்கக் கூடத்துக்கு,
துணி ஒரு பக்கம் தலைமுடி ஒரு பக்கமாக.

கப்பல் கம்பெனி கழித்துப் போட்ட
பதினொரு கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி
லினக்ஸ் ஏற்றி வைத்திருந்தோம், நானும் யெர்கோவும்.
வகுப்பு தொடங்குமுன்பே எங்களுக்குள் சண்டை.
"படத்தைக் காட்டு, சொடுக்கட்டும்" என்றான் அவன்.
"புதிதாக வருகிறவர்களைக்
கறுப்புத் திரைமுன் உட்காரவைப்பது
நீச்சல் தெரியாதவரை ஜலசந்தியில் தள்ளுவது."
நான் சொன்னேன்:
படம் அடுத்த பதிப்பில் இடம் மாறும், நிறம் மாறும்.
எழுதிய வரி முப்பது வருடமாக அதே வரி.
(இதை ரொம்ப நேரம் சொன்னேன்.
காபி ஆறிப்போனது.)

லாரி ஓட்டும் அரோல்டோவுக்குப் படமே போதும்.
அவன் விரல் ஒவ்வொன்றும் இரண்டெழுத்தை அமுக்கும்;
மவுஸை மட்டும் கியர்க்கம்பி போலப் பிடித்து
அரை மணியில் மகளுக்குப் போட்டோ அனுப்பிவிட்டான்.
யெர்கோ என்னைப் பார்த்துப் புருவம் தூக்கினான்.

எர்சிரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதில் யாரிடம் பேசுவது?
எல்லாரும் சும்மா நிற்கிறார்கள்."

இருபத்தாறு வருடம்
மீன்பிடிப் படகுகளோடு ரேடியோவில் பேசியவள்.
ஒரு சேதி சொல்வாள்.
காத்திருப்பாள்.
பதில் வரும்.

என் மனசு துள்ளியது. கறுப்புத் திரையைத் திறந்தேன்.
மினுக் மினுக்கென்று ஒரு கோடு.
"இதனிடம் பேசுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறது."

தேதி கேட்டாள்; சொன்னது.
கோப்புகளின் பெயர் கேட்டாள்; வரிசையாய் ஒப்பித்தது.
யெர்கோ ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.
என் வெற்றி நீடித்தது
ஏழு நிமிடம்.

அவள் கொண்டுவந்த படம் ஒன்று,
சிவப்புப் படகு,
அதை வேறு கோப்புறைக்கு மாற்றச் சொன்னேன்.
எழுத்தெழுத்தாய் எழுதினாள். என்டரைத் தட்டினாள்.
ஒன்றும் வரவில்லை.
கோடு மட்டும் அடுத்த வரியில் போய் மினுங்கியது.
காத்திருந்தாள்,
விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல்.

"முடிந்துவிட்டது" என்றேன்.
"சரியாக நடந்தால் இது எதுவும் சொல்லாது.
தப்பு நடந்தால்தான் வாயைத் திறக்கும்.
மௌனம் சம்மதம்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.
"எங்கள் வேலையில்
தப்பு நடந்தவர்கள்தான் பேசமாட்டார்கள்."

தகரக் கூரை கொஞ்ச நேரம் தனியாக இரைந்தது.

யெர்கோதான் வந்து ஜன்னல்கள் இரண்டைத் திறந்தான்.
பழைய இடம்: காலி.
புது இடம்: கரையில் கட்டிப்போட்டதுபோல்
சிவப்புப் படகு.
விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் ரேகை.
"வந்து சேர்ந்துவிட்டது. சரி.
இதைச் சொல்ல அதற்கு என்ன கேடு?"

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
அவள் கம்ப்யூட்டரில் மட்டும் இரண்டு வரி சேர்த்தேன்:
சொன்ன வேலை நல்லபடி முடிந்தால்
'ரெசிபிதோ' என்று ஒரு சொல் வரும்.
சேதி கிடைத்தது என்று அர்த்தம், இவர்கள் பாஷையில்.
விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.
போன வாரம் வரை
நானும் சிரித்திருப்பேன்.

அடுத்த வியாழன்
அந்தச் சொல் வந்த ஒவ்வொரு முறையும் தலையசைத்தாள்,
எதிரில் ஆள் இருப்பதுபோல.
ஆனாலும் யெர்கோவைக் கூப்பிட்டு
படகு நிற்கும் ஜன்னலைப் பக்கத்திலேயே
திறந்துவைக்கச் சொன்னாள்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.
அரோல்டோ எட்டிப் பார்த்தான்:
"என்னுடையது ஏன் எதுவும் சொல்வதில்லை?"

கிளம்பும் நேரம், கோட்டுக்குள் ஒரு கை நுழைந்திருக்க
மறு கையால் எதையோ தட்டினாள்.
குனிந்து படித்தேன்.
'இரவு வணக்கம்.'
அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"பரவாயில்லை, பதில் சொல்கிறது" என்று சொல்லி
மறு கையையும் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு
கயிற்றை நோக்கிப் போனாள்.