தொடக்கம், நடு, கடைசி

பதினேழு வெள்ளை லப்டொப்.
ரொறன்ரோப் பத்திரிகைத் தாள் சுற்றி வந்ததுகளை
மல்லாவிச் சந்தியில், என் கடை வாசலில்,
ஓட்டோவிலிருந்து இறக்கினார் கஜரூபன் சேர்.
"பழைய மாணவர் அனுப்பினது, அக்கா.
எது என்ன மொடல் எண்டு பிரிச்சுத் தாங்கோ.
திங்கள் அதிபருக்குக் கணக்குக் காட்டவேணும்."

எல்லாம் ஒரே வார்ப்பு.
மணிக்கட்டுப் படும் இடத்தில்
எல்லாவற்றிலும் ஒரே மஞ்சள்.
வெளியில் பார்த்து ஆண்டு சொல்ல
செய்தவனாலும் ஏலாது.

அதற்கு என்னிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது.
சின்னது, பென் டிரைவில் கிடக்கும்.
மழைக்குச் சிக்னல் போனாலும் அது பேசும்.
பற்றரியைக் கழற்றி, உள்ளே எறும்பெழுத்தில் உள்ள
இலக்கத்தை அடித்தால் சாதகம் விரிக்கும்:
எந்தச் சாஜர், எத்தனை திருகாணி,
எப்போது சந்தைக்கு வந்தது, எப்போது கைவிட்டார்கள்.
நினைவகத்துக்கு மட்டும் இரண்டு வரி.
கம்பனி சொல்லும் அளவு, நான்கு.
உண்மையில் தாங்கும் அளவு, எட்டு.
இரண்டாவது வரியை எழுதியவர் கம்பனிக்காரர் இல்லை.
யாரோ திறந்து, செருகி, பொறுத்திருந்து பார்த்திருக்கிறார்.
எனக்கு அவரில் ஒரு மரியாதை.

டோர்ச்சை வாயில் கடித்தபடி வாசித்தேன்.
இலக்கங்கள் கொன்னையாய் வந்தன.
சேர் இரண்டு தரம் கேட்டுக் கேட்டு அடித்தார்.
முதல் ஐந்தும் 2007. ஆறாவது, 2008.
பிறகு வந்ததெல்லாம் 2009.

"2009 எண்டு மட்டும் போட்டாக் காணாதோ?"
காணாது, சேர்.
அந்த ஆண்டுக்குள் மூன்று இருக்கிறது.
தொடக்கம், நடு, கடைசி.
ஒன்றின் றம் மற்றதுக்குச் செருகாது.
"வித்தியாசம் பெரிசோ?"
பருத்தித்துறையில் இருந்து மாற்றலாகி வந்தவர்;
அந்த வருடம் நாலாம் வகுப்பாம்.
வெளியில் தெரியாது, என்றேன்.
அவர் லப்டொப்பைத்தான் கேட்டார்.
நானும் லப்டொப்பைத்தான் சொன்னேன்.

கடைசி, நாலு.
கடைசியில்தான் பஸ் எங்களைத் திரும்ப இறக்கியது,
இதே பள்ளிக்கூட மைதானத்தில்.
பன்னிரண்டு தகரத்துக்குக் கையெழுத்து வைக்கும்வரை
ஏழாம் வகுப்பில் படுத்தோம். கூரை இல்லை.
இப்போது அதற்குக் கணினி அறை என்று பேர்.
இந்த நாலும் அங்கேதான் போகும்.

நடு, ஐந்து.
அப்போது செட்டிகுளம்.
என்னையும் இலக்கத்தால்தான் கூப்பிட்டார்கள்:
வலயம், வரிசை, கூடாரம்.
அந்த இலக்கம் நாக்கை விட்டுப் போகவில்லை,
கடையில் கடவுச்சொல்லாய் வைத்திருக்கிறேன்.
யாரும் முயற்சிக்கவேண்டாம்,
பின்னால் இரண்டு எழுத்துச் சேர்த்திருக்கிறது.

தொடக்கம் ஒன்றே ஒன்று.
மேசை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி
பொழுதுபடத்தான் திறந்தேன்.
விசைகளுக்கு அடியில் பிஸ்கட் தூள்.
ஒரு விசையில் நட்சத்திர ஸ்டிக்கர்.
யாரோ ஒரு பிள்ளை
மடியில் இதை வைத்துத் தின்றுகொண்டே
எதையோ பார்த்துச் சிரித்திருக்கிறது.
சிரிக்கட்டும்.
பிரஷ்ஷால் தட்டினேன்,
எறும்பு வரமுன் மேசையைத் துடைத்தேன்.
ஸ்டிக்கரைக் கழற்றவில்லை.
சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது,
விசிறிதான் கொஞ்சம் இரைகிறது.

பதினேழாவதில் இலக்கம் தேய்ந்துபோயிருந்தது.
வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன்,
பென்சில் தூள் தடவிப் பார்த்தேன்.
தெரிந்த நாலு எழுத்தை அடித்தோம்.
'பதிவில் இல்லை' என்றது மென்பொருள்.
உயிரும் வரவில்லை.

"அப்ப பதினாறு எண்டு போடுறன்," என்றார் சேர்.
பதினேழு என்று போடுங்கோ.
"இது ஓடாதே, அக்கா."
ஓடவில்லை என்று எழுதுங்கோ,
இலக்கம் தெரியாது என்று எழுதுங்கோ.
வரவே இல்லை என்று மட்டும் எழுதவேண்டாம்.

கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல.
பக்கத்து டயர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
சேர் ஒன்றும் கேட்கவில்லை.
ஆறை வெட்டி, மேலே ஏழு என்று எழுதினார்.