எழுபத்தொன்றாம் பக்கம்

டண்டீயில் மழை விட்டுவிட்டது,
ஜன்னலில் மட்டும் இன்னும் வடிகிறது.
எஃபி ராட்ரே திரையை இரு மடங்கு பெரிதாக்குகிறாள்.
படக்கதையின் எழுபத்தொன்றாம் பக்கம், மூன்றாவது கட்டம்:
இரவுப் பேருந்து ஓட்டுநர் லோரிமர்
சமையலறை வாசலில்,
சட்டையில் இன்னும் சீருடைப் பட்டை.
வரைந்தவன் முகத்தைப் பாதி இருட்டில் விட்டுவிட்டான்,
மீதியை எழுத்து பார்த்துக்கொள்ளட்டும் என்று.

குமிழி காலி.
கதைத்தாளில் ஒரே வரி:
நான் நல்லாத்தான் இருக்கேன்.
ஓரத்தில் பென்சில் குறிப்பு: வழக்கமான எழுத்து.

வழக்கமாம்.
எதிர்வீட்டு நாய் குரைக்கவே
அரை நாள் எழுத்துத் தேடியவள் அவள்.

முதலில் தடித்த எழுத்து.
லோரிமர் பொய் சொல்கிறான்,
அதுவும் மேஜையைத் தட்டி.
அழிக்கிறாள்.
சாய்வெழுத்து.
இப்போது மனைவியைக் குத்திக்காட்டுகிறான்.
பெரிய குமிழிக்குள் பொடி எழுத்து,
சுற்றிலும் அத்தனை வெள்ளை.
இரண்டாவது சொல்லுக்குள்
வாசகர் கைக்குட்டை தேடுவார்.
இரக்கம் கேட்டு நிற்கிற ஆளா லோரிமர்?
பேய்க்கதைக்கென்று பதினெட்டு பவுண்டுக்கு வாங்கிய
நடுங்கும் எழுத்துரு ஒன்று.
சே.

எழுந்து போய்
கழுவிய குவளையையே திரும்பக் கழுவுகிறாள்.

ஆங்கிலத்தில் நானுக்கு ஒரே எழுத்து: ஐ.
படக்கதை எழுத்தர்களிடம் பழைய கறார் ஒன்று உண்டு.
தன்னைச் சொல்லும்போது மட்டும்
ஐ தொப்பியும் செருப்பும் போட்டுக்கொள்ளும்,
மேலே ஒரு குறுக்குக்கோடு, கீழே ஒன்று.
வேறு சொல்லுக்குள் கூலிக்குப் போகும்போது
வெறும் குச்சி.

(நமக்கு இந்தத் தொல்லை இல்லை.
நல்லாயிருக்கேன் என்றால் போதும்,
வினைமுற்றின் வாலில்
நான் சுருண்டு படுத்துக்கொள்ளும்.
லோரிமருக்கு அப்படி ஒளிய இடம் கிடையாது.
வாக்கியத்தின் வாசலிலேயே நின்றாக வேண்டும்.)

எஃபி வழக்கமான எழுத்துக்கே திரும்பினாள்.
வழக்கமான அளவு, வழக்கமான கறுப்பு.
ஐயின் தொப்பியை மட்டும் கழற்றினாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு செருப்பை.

ஒன்றும் நடக்கவில்லை.
லோரிமர் நல்லாத்தான் இருக்கிறான்,
சொன்ன ஆளைத்தான் காணோம்.

வியாழக்கிழமை பதிப்பாசிரியர் டூகல்
சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார்:
பக்கம் 71, தவறான ஐ, மாற்றவும்.
நாற்பது வருடக் கண் அது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில்
இந்த ஒற்றைக் குச்சியைத்தான் பிடித்திருக்கிறது.
ஆக, ஒருவர் பார்த்துவிட்டார்.
எஃபிக்கு முதலில் அது பிடித்திருந்தது.

பதில் எழுதினாள், நான்கு பத்தி.
மௌனம் என்றெல்லாம் ஒரு சொல் வந்துவிட்டது அதில்.
படித்துப் பார்த்து வெட்கப்பட்டு அழித்தாள்.
சரி, மாற்றிவிட்டேன்
என்று மட்டும் அனுப்பிவிட்டு
மாற்றினாள்.
தொப்பி. செருப்பு.
லோரிமர் உடனே உடம்பு தேறிவிட்டான்.
வேலைக்கே போய்விடுவான் போலிருந்தது.

வெளியே கடற்காகம் ஒன்று
யாரோ போட்ட பொரித்த உருளைக்கிழங்குக்காக
குப்பைத் தொட்டியோடு சண்டை போடுகிறது.
அதற்கு என்ன எழுத்து வைப்பது என்று
கை தானாக யோசிக்கையில்
கைபேசி அதிர்கிறது.
அபர்டீனிலிருந்து தங்கை மோர்வென்:
எப்படி இருக்கே?
இந்த வாரம் மூணாவது தடவை கேக்கறேன்.

எஃபி விரலை வைக்கிறாள்.
ஐ.

கைபேசி யாருக்கும்
தொப்பி கொடுப்பதில்லை.
திரையில் ஒரு குச்சி.
அதை ஒட்டியே, அடுத்த எழுத்துக்குக் காத்து,
அதே உயரத்தில் இன்னொரு குச்சி.
அணைகிறது, எரிகிறது,
அணைகிறது.

எது அவள் தட்டியது என்று
அது அணையும்போது மட்டும்தான் தெரிகிறது.