ஷட்டவுன் நாள்

மாதம் ஒரு நாள் எங்கள் பீடருக்கு,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
பேப்பரில் பொடி எழுத்தில் ஊர்ப்பெயர்கள் வரும்:
சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம்.
மற்றவர்களுக்கு மின்தடை.
எனக்கு நோம்பி.

பதினாறு தறி என்னுடையது.
சுவருக்கு அந்தப்புறம் இருபத்து நாலு.
இந்த வீதியில் ஸ்பீக்கர் கேட்பது
சந்தைக்கு நடுவில் நின்று ரகசியம் சொல்வது.
தறி நிற்கக் கரண்ட் போக வேண்டும்,
கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயரும் போகும்,
ஆகவே லாரி பேட்டரி இரண்டு, இன்வெர்ட்டர் ஒன்று.
"பாட்டுக் கேக்கறதுக்கு இத்தனை சோலிங்களா?"
என்பாள் மனோன்மணி.

முதல் ஜோடி நானே செய்தது.
எட்டு அங்குலப் பேப்பர் கோன், வேப்பம்பலகைப் பெட்டி,
உள்ளே திணித்தது தறிக் கழிவுப் பஞ்சு.
அண்டாவுக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி ஒரு பேஸ்.
அடுத்தது ஸ்டேண்டில் நிற்கிற சின்ன ஜோடி,
பதினோரு வருஷமாக.
எதிரொலிக்குப் பின்சுவரில் காடாத்துணி நாலு மடிப்பு தொங்கவிட்டேன்.
ஈரோட்டுக்காரர் திருப்பி அனுப்பிய லாட்டு.

போன மாதம் கோயமுத்தூர்.
கடைக்காரர் ஃபெலிக்ஸ் ஆள்காட்டி விரலைக் கூரைக்கு உயர்த்தி
"இருபத்தஞ்சாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் போகுங்க சார்" என்றார்.
என் சட்டைப்பையில்
காது டாக்டர் கொடுத்த தாள் மடித்துக் கிடந்தது.
அதில் என் கோடு மூவாயிரம் வரை வரப்பு மேல் நடந்து வந்து
நாலாயிரத்தில் கிணற்றுக்குள் விழுகிறது.
முப்பது வருஷத் தறி.
அதற்கு மேலே உள்ளதெல்லாம்
கிரயம் கொடுத்தாலும் பட்டா மாறாத நிலம்.
அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை குறைப்பார் என்றும் தோன்றவில்லை.

மூன்று நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுத்தார்.
வெள்ளியங்கிரி, பாவு பீம் தூக்குகிற லாவகத்தில்,
ஒவ்வொன்றாக இறக்கினான். ஒன்று முப்பத்தோரு கிலோ.
"உள்ள என்னங்க இருக்குது?"
காற்று என்றேன்.
நம்பவில்லை.

ஒன்பது ஐந்துக்கு வீதி அடங்கியது.
பழையது, புதியது, மறுபடி பழையது.
புதியதில் மிருதங்கத்தின் தொப்பி
நெஞ்சில் வந்து உட்கார்ந்தது, அது நிஜம்.
வயலின் மட்டும் எனக்கு இரண்டிலும் ஒன்றுதான்.
அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவள்
தலை தூக்காமல் சொன்னாள்:
"பழசுல எடதுபக்கம் அந்தக் குட்டி பாடறதே இல்லீங்களே."
எப்போதிருந்து?
"ரெண்டு மூணு வருசம் இருக்கும்.
நீங்க வேணும்னே அப்பிடி வெச்சிருக்கீங்கன்னு இருந்தேன்."

ட்வீட்டரில் காதை ஒட்டவைத்தேன்.
இடதில் ஒன்றுமில்லை.
வலதில் உமி ஊதுவது போல ஏதோ.
இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு
மூன்று வருஷம் கண்ணை மூடித் தலையாட்டியிருக்கிறேன்.

அவள் நாற்காலியை நடுவில் போட்டேன்.
நான் தரையில்.
இப்போ?
"கொலுசு மாதிரி ஒண்ணு வருதுங்க."
இப்போ?
"போயிருச்சு. செவுத்துல இருந்து தள்ளி வைங்க, நெரிக்குது."
ஒரு சாண், பிறகு இரண்டு விரற்கடை,
டைல்ஸில் துணிக்குப் போடுகிற சாக்பீஸால் குறி.
முழங்கால் வலித்தது.
அவரைக்காய் அப்படியே முறத்தில் கிடந்தது.

மூன்று மணி வாக்கில்
இது வேண்டாம், விலை குறைந்த ஜோடி ஒன்று இருந்தது,
என் காதுக்கு அது போதும் என்றேன்.
"வீட்ல காது நாலுங்க" என்றாள்,
கேசட்டை... இல்லை, இப்போதெல்லாம் என்னவோ ஒரு பெட்டி,
அதை அழுத்திப் பாட்டை முதலிலிருந்து வைத்தாள்.

நாலரைக்கே கரண்ட் வந்துவிட்டது.
வீதிக் கோடியில் ஒரு தறி எழுந்தது, பிறகு மூன்று,
பிறகு சுவருக்கு அந்தப்புறம் இருபத்து நாலும்.
வாசலில் வெள்ளியங்கிரி,
"தறி போடலாங்களா?"
மனோன்மணி திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினாள்.
அத்தனை சத்தத்துக்கு நடுவே
அவளுக்கு இன்னும் எதுவோ கேட்டுக்கொண்டிருந்தது.