பல் மருத்துவர் வராத பிற்பகல்

டாக்டருக்குக் காய்ச்சலாம்.
கதவில் ஒட்டிய சீட்டைப் படித்ததும்
இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்தது.

மொந்தேவிதேயோவில் ஜூலை.
குளிர்காலம்தான். ஆனால் இன்றைய குளிர்
மேல் பட்டனைக் கழற்றிக்கொள் என்கிறது.
மொட்டை மரங்களுக்கு நடுவே
வெயிலுக்குத் தடையில்லை,
சாவிக்கடைக்காரரின் வழுக்கையைத்
தொட்டுவிட்டுப் போகிறது.

பேருந்து வந்தது. கை நீட்டவில்லை.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.
நான் பால்கனியைப் பார்த்தேன்:
ஸ்வெட்டர் போட்ட நாய் ஒன்று
தெருவை மேற்பார்வை செய்துகொண்டிருந்தது.

சரிவில் கால் தானே இறங்கிற்று.
கீழே,
கடல் என்றே தன்னை நினைத்துக்கொண்ட ஆறு,
மறுகரை காட்டாத பழுப்பு.

தடுப்புச் சுவரில் தூண்டிலோடு ஒருவர்,
அக்குளில் பிளாஸ்க்.
பெயர் வில்மார் என்று பிறகுதான் தெரியும்.
கேட்காமலே சுரைக்குடுவையை நீட்டினார்.
மாத்தே.
முதலில் கசப்பு, அப்புறம் சூடு.
நான் இன்னும் இங்கேதான் என்றது
கடைவாய்ப் பல்.

ஏதாவது மாட்டியதா?

"காலையிலிருந்து ஒன்றுமில்லை" என்றார்,
நல்ல செய்தி சொல்வதுபோல.

மணி பார்த்தேன்.
இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம்.
அவர் காலி வாளியைக்
கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.