முதல் பெட்டி, 1974

ஹட்டனில் பேக்கரிக்குப் பின்னறை.
பாண் வேகிற சூட்டில்
ஈயம் உருக்கினோம், நானும் சவாஹிரும்.

உரிமப் படிவம் பிரஜாவுரிமை கேட்டது.
என்னிடம் ஏது?
கம்பெனி அவன் பெயருக்குப் போனது,
என் பெயர்
முதல் பெட்டியின் மூடிக்கு உள்ளே, பென்சிலில்.

சவுக்கு உச்சியில் ஏரியல் கட்ட மூன்று நாள்.
அட்டைகளுக்கு நல்ல விருந்து.

முதல் பேச்சுக்கென்று துரை
ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிவந்தார்.
அதற்குள் மைக்கைப் பறித்து
மடுவத்துக் கணக்கப்பிள்ளை கத்தினார்:
"லொறி எங்க? கொழுந்து சூடேறுது!"

இரண்டு மலைக்கு அப்பால்
பனிக்குள் ஓர் எஞ்சின் உறுமியது.

பில் கொடுத்தோம்.
காசு வருமுன்
தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, துரை கப்பலேறினார்.
பெட்டி மட்டும் பிரட்டுக்குப் பிரட்டு பேசியது.
பழுதே ஆகவில்லை,
அதனால் மூடியை
யாரும் திறக்கவில்லை.